செயலாளர் ஆண்டறிக்கை: நகர் நலச் சங்கம், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

ஐப்பசி நீங்கலாக எல்லா மாதமும் கூட்டம் நடந்தது. ஐப்பசியில் தெருவில் முழங்கால் தண்ணீர். மாநகராட்சிக்கு அனுப்பிய மனுக்கள் கோப்பில் உள்ளன. அவற்றை வாசித்து உங்கள் பொறுமையைச் சோதிக்கவில்லை.

விரிவாகச் சொல்ல வேண்டியது கார்த்திகை மாத இரவு ஒன்றைப் பற்றி. நள்ளிரவில் ஓர் இளைஞர் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனார். நம் உறுப்பினர் ஒருவர் 100-க்கு அழைத்து, "திருடன் வந்துவிட்டான்" என்றார். (அந்த உறுப்பினர் நான்தான்.) வந்தவர்களும் திருடனைப் பிடிக்கவே வந்தார்கள். லத்தியைக் கண்டதும் அவர் அடிபம்பைக் கட்டிக்கொண்டு அலறினார். நாம் கைப்பேசியில் படம் பிடித்தோம்.

தலைமைக் காவலர் ஒருவர் லத்தியை ஜீப்பில் போட்டுவிட்டு, நம்மை வீட்டுக்குள் போகச் சொல்லி, ஈரத் தரையில் உட்கார்ந்தார். "சாப்பிட்டாயா தம்பி?" அரை மணி நேரம் வேறெதுவும் கேட்கவில்லை. அந்தத் தம்பி தானாகவே ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போனதோ காவல் நிலையத்துக்கு. விடியும்வரை லாக்கப்பில் வைத்திருந்தார்கள். காலையில் நம் வழக்கறிஞர் உறுப்பினர், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவோடு போனார். அதன்படி, இப்படி மனநலம் பாதிக்கப்பட்டவரை எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வழிதவறி அலைபவர் என்றால், காணாமல் போனவராக முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் காவல் நிலையப் பொறுப்பு. அதிகாரி இருமுறை படித்தார், முகம் சுளிக்கவில்லை. மதியத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் விழுப்புரம் பக்கத்திலிருந்து அண்ணன் வந்தார். ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தாராம்.

மார்கழிக் கூட்டத்தில் இதைப் பற்றிக் காரசாரமாகப் பேசினோம். "கையில் கத்தி இருந்தால்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இருந்தால் அதையும் சொல்லுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், நாமாகத் திருடனாக்க வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேறியது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் அறிவிப்புப் பலகையில் எழுதியுள்ளோம். காவலர்களுக்குப் பயிற்சி கேட்டு அனுப்பிய மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன்.

அன்றிரவு அடிபம்பின் கைப்பிடி கழன்றுவிட்டது. பழுதுபார்த்த செலவைப் பொருளாளர் வாசிப்பார்.