வாக்காவைப் பற்றி

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். மற்றச் செய்திகளை அம்மா சொல்லியிருப்பாள். இரவில் நெடுநேரம் கண்விழிக்காதே.

நீ விட்டுச்சென்ற கருவியில் ஃபைனல் ஃபேண்டஸி 10ஐ ஆடத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. 2001இல் வெளிவந்த அந்த விளையாட்டை அன்று வெறும் சண்டை என்று திட்டினேன். அதில் வரும் வாக்காவை இப்போது என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. அவன் கெட்டவன் அல்லன். முன்பின் தெரியாதவனையும் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறவன். ஆனால், மகினா எனப்படும் இயந்திரங்களை மனிதர்கள் நம்பியதால்தான் சின் என்னும் பேரழிவு வந்தது என்று யெவோன் மதம் சிறுவயதிலிருந்தே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. தம்பி சாப்பு, வாக்கா கொடுத்த வாளை விட்டுவிட்டு, மகினாக்களைப் பயன்படுத்தும் அல் பெட் என்ற இன மக்களின் ஆயுதத்தோடு போருக்குப் போய் இறந்தபின், அந்தப் போதனையும் துக்கமும் ஒன்றாகக் கலந்து வெறுப்பாக உறைந்துவிட்டன. அழத் தெரியாதவனுக்குக் கோபப்பட ஓர் இனத்தையே கைகாட்டிக் கொடுத்துவிட்டது அந்த மதம். அதே மதத்தின் தலைமையிடமான பெவெல் நகரில் மகினாக்கள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது எனக்கே கோபம் வந்தது.

வாக்காவின் பயணக் கூட்டத்தில் சேரும் ரிக்கு அல் பெட் பெண் என்பதை, அவள் கண்ணின் சுழியைப் பார்த்தே உடன்வரும் ஆரோன் கண்டுகொள்கிறார். வாக்கா மட்டும் அறியாமல் அவளோடு சிரித்துப் பேசி நடக்கிறான். தெரிந்த கணத்தில் முகம் மாறுகிறது. அவள் மாறவில்லை, பெயர்தான் தெரிந்தது. தங்கையைப் போல் அவன் அன்பு காட்டும் யூனாவின் தாயும் அந்த இனத்தவள் என்பதும் அப்போது அவனுக்குத் தெரியாது.

அல் பெட் மக்களின் மொழியைப் படிக்க நீ எழுதிவைத்த நோட்டும் கிடைத்தது. ஏ என்பதற்கு ஒய், ஈ என்பதற்கு ஏ என்று கட்டம் போட்டு, ஆங்கிலத்தின் 26 எழுத்துகளையும் நிரப்பியிருக்கிறாய். அந்த வயதில் அவ்வளவு பொறுமை உனக்கு எங்கிருந்து வந்ததோ, என்னிடமிருந்து இல்லை. அத்தனை பொறுமை உள்ளவன், நான் பேசிய ஒரு பேச்சுக்காக நான்கு மாதங்கள் வாய்திறக்காமல் இருப்பது சரிதானா என்றும் தோன்றுகிறது.

சரிதான். அன்று நீ அவளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது, பெயரைக்கூடக் கேட்காமல், அவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று கேட்டேன். உன் தாத்தா என்னிடம் கேட்ட அதே கேள்வி, அதே குரல். வாக்காவுக்காவது தம்பி இறந்த துக்கம் இருந்தது. எனக்கு யாரும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான்.

கண்விழிக்காதே என்று எழுதிவிட்டேனா? நான்தான் இப்போது விழித்திருக்கிறேன். அல் பெட் மக்களின் ஹோம் என்ற ஊரில் கிடைக்கும், அவர்கள் மொழியின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கற்றுத்தரும் ஏடுகளை எடுக்காமல் விட்டுவிட்டேன். அது அழிந்தபின் அங்கே திரும்பிப் போக முடியவில்லை. அவர்கள் பேசும்போது சில எழுத்துகள் இன்னும் எனக்குப் புரியாமலே நிற்கின்றன. உன் நோட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவே விரும்புகிறேன். அவள் பெயரையும்.

அன்புடன்,
அப்பா