அனுதாபம் போதும், ஆட்டத்தைப் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செக் குடியரசின் பேஸ்பால் அணியைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் பேஸ்பாலுக்கு ஒரு முழுப் பக்கம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் எலக்ட்ரீஷியன், தீயணைப்பு வீரர், நரம்பியல் மருத்துவர் என்று எல்லோருடைய வேலையும் வரிசையாக வந்ததே தவிர, அவர்கள் ஆடிய ஆட்டம் வரவேயில்லை. 2023 மார்ச்சில் டோக்கியோ டோமில் நடந்த உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியைப் பற்றி 'தோற்றாலும் மனங்களை வென்றார்கள்' என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர்.

அவர்கள் மனங்களை மட்டும் வெல்லவில்லை, ஒரு ஆட்டத்தையும் வென்றார்கள். மார்ச் 10 அன்று சீனாவுடன் முதல் ஆட்டம். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 4-5 என்று பின்தங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் மார்ட்டின் முஜிக் அடித்த ஹோம் ரன்னில், அதாவது பந்தை மைதான வேலிக்கு வெளியே அனுப்பிய அடியில், மூன்று ஓட்டங்கள் வந்தன. முடிவு 8-5. அந்த ஒரு வெற்றியால்தான் பிரிவில் கடைசி இடத்தைத் தவிர்த்து, 2026 போட்டிக்குத் தகுதிச் சுற்று ஆடாமலே இடம் பிடித்தார்கள். மற்ற மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள், உண்மைதான். ஜப்பானிடம் 10-2, தென் கொரியாவிடம் 7-3, ஆஸ்திரேலியாவிடம் 8-3.

சரி, எல்லோரும் பேசும் அந்த ஸ்டிரைக் அவுட்டுக்கு, அதாவது பேட்டர் மூன்று ஸ்டிரைக் வாங்கி வெளியேறியதற்கு, வருவோம். ஜப்பானுடனான ஆட்டத்தில் அந்த அணியின் ஷோஹெய் ஓதானியை மூன்றே பந்தில் வெளியேற்றினார் செக் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஓன்ட்ரே சடோரியா. 'ஒரு எலக்ட்ரீஷியன் உலக நட்சத்திரத்தைச் சாய்த்த அதிசயம்' என்கிறது கட்டுரை. அதில் அதிசயம் எங்கே இருக்கிறது? சடோரியாவின் வேகப் பந்தே மணிக்கு 130 கிலோமீட்டரைத் தொடாது. அதே ஆட்டத்தில் ஜப்பானின் ரோகி சசாகி 160-ஐத் தாண்டி வீசிக்கொண்டிருந்தார். பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பேட்டர் நிற்கும் தட்டுக்கு 18.44 மீட்டர்தான். அமெரிக்காவில் அன்றாடம் 150-க்கு மேல் வரும் பந்துகளை எதிர்கொண்டு பழகிய ஒருவரின் கை, பந்து வந்து சேருவதற்குள் சுழலத் தொடங்கிவிடும். கையை வேகப் பந்துக்கு வீசுவதைப் போலவே வீசி, பந்தை மட்டும் தாமதமாக அனுப்புவதுதான் சேஞ்ச்அப். கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களில் வேகப் பந்து வீச்சாளர் திடீரென்று மெதுவாகப் போடுவாரே, கிட்டத்தட்ட அதுதான். பேட் முன்னாடியே சுற்றிப் போய்விடும், பந்து பின்னால் ஆடி அசைந்து வரும். வருடக்கணக்கில் பழகினால் ஒழிய இது கைவராது. அதைச் செய்தவர் பகலில் என்ன வேலை பார்க்கிறார் என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான்.

அந்த ஸ்டிரைக் அவுட் நடந்த மூன்றாவது இன்னிங்ஸிலேயே ஜப்பான் மூன்று ஓட்டம் எடுத்து முந்திக்கொண்டது. நியாயமாகப் பார்த்தால் அதையும் எழுதியிருக்க வேண்டும். முதல் இன்னிங்ஸில் செக் அணிதான் 1-0 என்று முன்னிலை பெற்றது என்பதையும்.

சசாகி வீசிய 162 கிலோமீட்டர் வேகப் பந்து செக் வீரர் வில்லி எஸ்கலாவின் காலில் பட்டு அவர் விழுந்ததும், எழுந்து தனக்கு ஒன்றுமில்லை என்று காட்டத் துள்ளி ஓடியதும், பிறகு சசாகி பை நிறைய மிட்டாய் வாங்கிக்கொண்டு அவர்களைத் தேடிப் போனதும் எனக்கும் பிடித்த கதைதான். மிட்டாய்க்கு நான் எதிரியல்ல! கட்டுரை முழுவதும் அதுவே இருந்தால்தான் திகட்டுகிறது.

இவர்கள் ஏன் தோற்றார்கள் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. என் பார்வையில் சொல்ல வேண்டிய செய்தியே அதுதான். இந்தப் போட்டியில் பிட்சர்களின் தோளைக் காக்க ஒரு விதி உண்டு. முதல் சுற்றில் ஒருவர் ஓர் ஆட்டத்துக்கு 65 பந்துகள்தான் வீசலாம், அந்த எண்ணிக்கையை எட்டும்போது எதிரில் நிற்கும் பேட்டரை மட்டும் முடித்துக்கொள்ளலாம். 50 பந்துகளைத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு, 30-ஐத் தொட்டால் ஒரு நாள். செக் அணிக்கோ மார்ச் 10 முதல் 13 வரை தொடர்ந்து நாலு நாளும் ஆட்டம். அதாவது ஒருவர் ஒரு ஆட்டத்தில் நன்றாக நின்று வீசிவிட்டால், பிரிவுச் சுற்றுக்கு அவர் கதை முடிந்தது. ஜப்பானும் நாலு நாள் தொடர்ந்துதான் ஆடியது, ஆனால் அவர்களிடம் ஒருவர் போனால் அதே தரத்தில் இன்னொருவர் வருவார்.

இந்த விதி எங்கே கடிக்கிறது என்று பார்க்க ஆஸ்திரேலியாவுடனான கடைசி ஆட்டம் ஒன்றே போதும். தீயணைப்பு வீரர் மார்ட்டின் ஷ்னைடர் தொடங்கி வைத்தார். 2022 செப்டம்பரில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் ஸ்பெயினை 3-1 என்று வென்று இந்தப் போட்டிக்குள் வர உதவியவரும் இவர்தான். ஆறாவது இன்னிங்ஸ் வரை நின்று ஒரே ஒரு ஓட்டம்தான் கொடுத்தார். பந்துக் கணக்கு தீர்ந்தது, இறங்கினார். ஆஸ்திரேலியாவின் மீதி ஏழு ஓட்டங்களும் அவர் போன பிறகு வந்தவை. அன்று ஷ்னைடரின் தரத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்திருந்தால் காலிறுதி பற்றிப் பேசியிருப்போமோ என்னவோ.

அந்த இரண்டு பேர் அனுதாபத்தால் உருவாக மாட்டார்கள், பெரிய அணிகளோடு ஆடி ஆடித்தான் வருவார்கள். அதற்கு வாய்ப்பு எங்கே? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பாலே இல்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் உண்டு, ஆனால் மொத்தம் ஆறே அணிகள். உலக பேஸ்பால் கிளாசிக் மட்டும்தான் 2023-இல் 16 அணிகளிலிருந்து 20 ஆக விரிந்தது. செக் குடியரசு, பிரிட்டன், நிகரகுவா மூன்றும் முதல்முறையாக உள்ளே வந்தது அப்படித்தான். அதே போட்டியில் நிகரகுவாவின் இளம் பிட்சர் டுகே ஹெபர்ட், டொமினிகன் அணியின் ஹுவான் சோட்டோ, ஹூலியோ ரோட்ரிகஸ், ரஃபேல் டெவர்ஸ் மூவரையும் ஒரே இன்னிங்ஸில் ஸ்டிரைக் அவுட் செய்தார். ஆட்டம் முடிந்த கையோடு அமெரிக்காவின் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. அணிகள் 16-ஆகவே இருந்திருந்தால் அந்தப் பையன் பிட்சர் நின்று வீசும் அந்த மேட்டில் ஏறியிருப்பானா என்பது சந்தேகம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் வழித் தொடர்பு இருந்தாலே ஒரு நாட்டுக்கு ஆடலாம் என்பது இந்தப் போட்டியின் விதி. 2017-இல் அசத்திய இஸ்ரேல் அணியில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். அதில் தவறில்லை, விதி அப்படி. செக் அணியிலோ அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகில் ஆடிய அனுபவம் எரிக் சொகார்ட் ஒருவருக்குத்தான், அதுவும் அவர் தாய் வழியில் வந்தவர். மற்றவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் லீகில் வளர்ந்தவர்கள். கட்டுரையாளர் வியக்க விரும்பியிருந்தால் இதை வியந்திருக்கலாம்.

அடுத்த முறை இந்த அணியைப் பற்றி எழுதும்போது, ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோரையும், யார் எத்தனை பந்து வீசினார் என்பதையும் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். வேலை விவரத்துக்கு மிச்சமிருக்கும் இடத்தைக் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
ஒரு வாசகர்