வரியையும் எடுப்பையும் மேடையில் சொல்லுங்கள்

மார்கழிக்கு முன்னால் வாய்ப்பாட்டுப் போட்டி நடத்தும் சபாச் செயலாளர்களுக்கும், நடுவர்களாக வந்து உட்காரும் வித்வான்களுக்கும், வணக்கம்.

உங்கள் விதிமுறைத் தாளில் "ஒரு கிருதி, கல்பனாஸ்வரத்துடன்" என்று ஒரு விதி இருக்கிறது: பாட்டின் ஒரு வரிக்குச் சொந்தக் கற்பனையில் ஸ்வரம் பாடி, மறுபடி அந்த வரிக்கே வந்து சேர வேண்டும். அந்த விதிக்காக வகுப்புகளில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். ஆசிரியர்களாகிய நாங்கள், கிருதியைப் போலவே ஸ்வரத்தையும் நோட்டில் எழுதிக் கொடுக்கிறோம். கால் ஆவர்த்தனத்தில் (ஆவர்த்தனம் என்பது தாளத்தின் ஒரு முழுச் சுற்று) நாலு, அரை ஆவர்த்தனத்தில் நாலு, முழு ஆவர்த்தனத்தில் இரண்டு, முடிக்க, கணக்குப் போட்டுக் கட்டிய ஒரு கோர்வை. பிள்ளை உருப்போட்டு வந்து ஒப்பிக்கிறது. பிசகாமல் ஒப்பித்தால் பரிசு. இதில் கல்பனை எங்கே இருக்கிறது?

எழுதிக் கொடுப்பதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. இருபது முப்பது நல்ல ஸ்வரம் பாடமாகாதவருக்குச் சொந்தமாக எதுவும் வராது. பயிற்சி உருப்படியான வர்ணத்தை மூன்று வேகத்திலும், பிறகு ஸ்வரப் பெயர் சொல்லாமல் அகாரத்திலும் பாடிப் பழகுவதும் இதற்காகத்தான். ஆனால் பாடம் அந்த நோட்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தெரிந்துகொண்டாலும் போட்டியில் அதற்கு மதிப்பெண் இல்லை. பரிசு எதற்குக் கிடைக்கிறதோ அதைத்தான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். அதனால் வகுப்பு மாற வேண்டுமென்றால் முதலில் உங்கள் தாள் மாற வேண்டும்.

நாங்கள் கேட்பது இதுதான். கிருதி முடிந்ததும், எந்த வரிக்கு ஸ்வரம் பாட வேண்டும் என்பதை நடுவர் அங்கேயே சொல்லட்டும். பல்லவி வேண்டாம், அனுபல்லவியின் முதல் வரியை எடு என்று சொன்னால் போதும். வரி மாறினால் அது தொடங்கும் ஸ்வரம் மாறும். அது மாறினால் ஸ்வரத்தின் முடிவும் மாறியாக வேண்டும். மோகன ராகத்தில் (ஸரிகபத) ஒரு வரி காந்தாரத்தில், அதாவது "க"வில், தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். "கபதஸ தபக ரிஸரி" என்று ரிஷபத்தில் (ரி) முடித்தால் அடுத்த படி காந்தாரம், வரி வழுக்கிக்கொண்டு உள்ளே வரும். அதையே பஞ்சமத்தில் (ப) தொடங்கும் வரிக்குப் பாடினால் ரிஷபத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவ வேண்டியிருக்கும், ஒட்டாது. விஷயம் தெரிந்த பிள்ளை முதலில் இருக்கும் காந்தாரத்தை எடுத்துக் கடைசியில் வைக்கும்: "பதஸத பக ரிஸரிக". அதே பத்து ஸ்வரம்தான், இப்போது பஞ்சமத்துக்குப் பொருந்துகிறது. நோட்டை மட்டும் நம்பி வந்த பிள்ளை அங்கே திணறும். நடுவருக்கு வேண்டிய பதில் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும்.

சீனியர் பிரிவில் எடுப்பையே, அதாவது தாளத்தில் வரி தொடங்கும் இடத்தையே, மாற்றிப் பார்க்கலாம். ஆதி தாளம், ஒரு களை, எட்டு அட்சரம் (எண்ணிக்கை), அட்சரத்துக்கு நாலு மாத்திரை, ஆவர்த்தனத்துக்கு 32. எடுப்பு சமத்துக்கு (தாளம் தொடங்கும் இடத்துக்கு) ஒன்றரை அட்சரம் தள்ளி இருந்தால், சமத்தில் தொடங்கும் கோர்வை 32-ஐயும் தாண்டி இன்னும் 6 போக வேண்டும், ஆக 38. மேலே சொன்ன பத்து ஸ்வரத்தை மூன்று முறை பாடி, நடுவில் இரண்டு இடத்தில் நாலு நாலு மாத்திரை கார்வை (நீட்டல்) விட்டால் 30+8, கணக்கு சரி. இப்போது நடுவர் அரை அட்சரம் தள்ளி எடு என்கிறார். வேண்டியது 34. ஸ்வரத்தைத் தொட வேண்டாம், கார்வையை நாலிலிருந்து இரண்டாக்கினால் 30+4. சமத்திலேயே எடு என்றால் 32. கார்வை நாலாகவே இருக்கட்டும், தலையில் இருக்கும் "கப"வை வெட்டி "தஸ தபக ரிஸரி" என்று எட்டாக்கினால் 24+8. ஒரு கோர்வைக்கு மூன்று எடுப்பு. இது பெரிய கணக்குப் புலமை ஒன்றும் இல்லை. கையில் தாளம் பிசகாமல், எதை நீட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று தெரிந்தால் பதினைந்து வயதில் தாராளமாக வரும்.

கோர்வைக்கு அள்ளிக் கொடுக்கும் மதிப்பெண்ணைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்கிறோம். கைதட்டல் அதற்குத்தான் வருகிறது, அது புரிகிறது. ஆனால் மனப்பாடம் செய்யச் சுலபமானதும் அதுதான். கணக்கே இல்லாமல் சர்வலகுவாக, தாள நடையோடு இயல்பாக, இரண்டு ஆவர்த்தனம் ராகம் சிதறாமல் ஓட்டுவது அதைவிடக் கஷ்டம். வேகமான மேல்காலம் போனதும் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் காணாமல் போகிறதா என்று கவனியுங்கள். தோடியில் காந்தாரம் அசையாமல் மொட்டையாக விழுந்தால், கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அது தோடி இல்லை.

ராகப் பட்டியலையும் பாருங்கள். மோகனம், ஹம்ஸத்வனி, கல்யாணி என்றே வருகிறது, ஏனென்றால் ஆரோகண அவரோகணத்தை மேலும் கீழும் ஓட்டினாலே அவை ஓரளவு நிற்கும். ஸஹானாவில் அது நடக்காது. அவரோகணமே "ஸநிதப மகமரி கரிஸ" என்று வளைந்து வருகிறது. வேகத்தில் "பமகரிஸ" என்று நேராக இறங்கினால் ராகம் போயிற்று. பேகடாவும் அப்படித்தான், பிடிகளால், அதாவது தனக்கே உரிய ஸ்வரச் சேர்க்கைகளால், நிற்கும் ராகம். சீனியருக்கு இந்த வகையில் ஒன்றாவது கட்டாயம் இருக்கட்டும். பத்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளிடம் மட்டும் இதையெல்லாம் கேட்காதீர்கள். அவர்களுக்கு கீதமும் வர்ணமும் போதும்.

ஆலாபனைக்கு மூன்று நிமிடம் என்றால் ஒன்றரை நிமிடத்திலேயே தார ஷட்ஜத்துக்கு (மேல் ஸ) ஏறிவிடுகிறார்கள். மீதி நேரம் வேகமாக உருட்டும் பிருகா. முதல் இரண்டு நிமிடம் மத்திய ஸ்தாயி பஞ்சமத்தைத் தாண்டாதே என்று ஒரு கட்டுப்பாடு போட்டுப் பாருங்கள். காந்தாரத்தில் நின்று நாலு விதமாகச் சுற்றி வரத் தெரிந்தவர் யார், வர்ணத்தின் வரிகளை "ததரின" என்ற ஆலாபனை அசைகளைப் போட்டு மறைத்துப் பாடுபவர் யார் என்று தானே வெளியே வந்துவிடும். ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடும் நிரவலில் ஒன்றே ஒன்று: முதல் இரண்டு சுற்றிலாவது வார்த்தைகள் அதனதன் தாள இடத்தில் விழ வேண்டும். எல்லாச் சொல்லையும் முன்பாதியில் கொட்டிவிட்டுக் கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டு போவதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். கிருதியைப் பல்லவி, அனுபல்லவியோடு நிறுத்திவிடுங்கள். கிருதி பாடம் எப்படி என்பது அதற்குள் தெரிந்துவிடும். மிச்சமாகும் இரண்டு மூன்று நிமிடம் இதற்குத் தாராளம்.

எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒரே ராகம், ஒரே வரி. முதல் வாரம் எட்டு ஸ்வரத்துக்கு மேல் கிடையாது. ஆசிரியர் எட்டு, மாணவர் எட்டு, பாடியதைத் திரும்பப் பாடக் கூடாது, தாளம் மாணவர் கையில். தப்பு வந்தால் நிறுத்தாமல் வரியைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும், ஏனென்றால் மேடையில் யாரும் நிறுத்தி எடுத்துக்கொடுக்கப் போவதில்லை. இரண்டாவது வாரம் அதே வரியை வேறு எடுப்பில் வைத்துப் பாட வேண்டும். நோட்டுக்கு அந்தப் பதினைந்து நாளும் விடுமுறை.

அடுத்த தாள் அச்சாகும்போது இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்: "ஸ்வரம் பாட வேண்டிய வரியையும், சீனியர் பிரிவில் அதன் எடுப்பையும், நடுவர் மேடையில் சொல்வார்." போட்டிக்கு ஆறு மாதம் முன்பே அறிவித்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பழகிக்கொள்ள நேரம் இருக்கும், எங்களுக்கும்.

இப்படிக்கு,
வாய்ப்பாட்டு ஆசிரியர்கள் சிலர்