கையில்லாத ஊமையும் வெண்ணெயும்

பினாங்கு

அன்பு மகளுக்கு,

நலமா? நேரத்துக்குப் பசியாறுகிறாயா? இங்கே எல்லாரும் நலம்.

நீ அனுப்பிய தைப்பூசக் கட்டுரையை நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். விவரம் எல்லாம் சரி. பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்புவது, 2017 முதல் தங்க ரதமும் வருவது, தண்ணீர்மலை முருகன் கோவில் படியேற்றம், எதுவும் விட்டுப்போகவில்லை. ஆனாலும் பாதிக் கட்டுரை வரைக்கும் என் கண்ணில் எதுவுமே தெரியவில்லை. அதனால்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

‘மக்கள் வெள்ளம்’, ‘மனிதக் கடல்’ இரண்டும் ஒரே பத்தியில் வருகின்றன. முதன்முதலில் எழுதியவர் நிஜமாகவே வெள்ளத்தைக் கண்டு எழுதியிருப்பார். இன்றைக்கு அதே சொல்லைக் கட்சி மாநாட்டுக்கும் போடுகிறார்கள். படிப்பவர் நினைப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வருவதில்லை. அப்புறம், ‘கடலாய்த் திரண்ட பக்தி கொழுந்துவிட்டு எரிந்தது’ என்றும் ஒரு வரி. கடல் எப்படியம்மா எரியும்? ஒரு வாக்கியத்துக்குள் ஓர் உருவகத்தைத் தொட்டால் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்.

உவமை பிறக்கும் வழி நான்கு என்கிறார் தொல்காப்பியர்: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், பயன், வடிவம், நிறம். உன்னுடையவை எல்லாம் வடிவமும் நிறமும்தான். ரதம் மலை போல, விளக்கு நட்சத்திரம் போல. அசைகிற உவமை ஒன்றுகூட இல்லை. ஊர்வலம் என்றாலே அசைவுதானே!

குறுந்தொகையில் 58-ஆம் பாட்டை எடுத்துப் பார். வெள்ளிவீதியார் பாடியது. காதல் நோயில் கிடப்பவன், தன்னைக் கண்டிக்கிற நண்பனிடம் பேசுகிறான். வெயில் காயும் பாறைமேல் வெண்ணெய் இருக்கிறது. காவலுக்கு இருப்பவனுக்குக் கை இல்லை, பேச்சும் இல்லை. உருகுவதைக் கண்ணால் பார்க்கலாம்; எடுக்க முடியாது, யாரையும் கூப்பிடவும் முடியாது. அந்த வெண்ணெய் பரவுவது போலத் தன் நோயும் பரவுகிறது என்கிறான். பாறையை எடுத்துவிட்டால் சூடு போய்விடும். ஊமைக்குக் கை கொடுத்துவிட்டால் பாட்டே இல்லை. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனம் பதறுகிறது. ஓர் உவமை இவ்வளவு வேலை செய்ய வேண்டும்.

எல்லா இடத்திலும் உவமை வேண்டும் என்று சொல்லவில்லை. தேங்காய் உடைக்கும் பத்தியில் நீ ஒன்றும் சேர்க்கவில்லை. ரோடெல்லாம் இளநீர், செருப்பு வழுக்குகிறது, சிதறலை ஒதுக்கித் தள்ளிய பிறகே ரதம் நகர்கிறது. கட்டுரையிலேயே உயிருள்ள இடம் அதுதான். கண்ணால் கண்டது தானே பேசும்போது பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தாதே.

உவமை தேவைப்படுவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பால்குடம் எடுத்துக் கடைசிப் படிகளில் ஏறுபவரை ‘பரவசம்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டாய். போன வருஷம் நீயே பால்குடம் எடுத்தவள், உனக்குத் தெரியாதா? பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஃபெர்ரி கரையை நெருங்கும்போது இன்ஜின் சத்தம் அடங்கிய பிறகும் படகு முன்னே போய்க்கொண்டே இருக்குமே, கால் ஓய்ந்துபோனவரையும் மேலே கொண்டுபோகிற சக்தி எனக்கு அப்படித் தோன்றும். இது நான் பார்த்தது. இதை எடுத்துப் போடாதே, நீ பார்த்ததைத் தேடு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பு. தேங்காய்ப் பத்தியில் மட்டும் கை வைக்காதே. அம்மா முறுக்கு சுட்டிருக்கிறாள், கோலாலம்பூர் வருகிற மாமாவிடம் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா