சவாரி மட்டும் வேண்டாம் அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

குதிரைக் காப்பகத்துக்கு நிதி திரட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பங்களை வரவழைக்கப் போகிறீர்கள் என்று கேட்டதும் அவ்வளவு சந்தோஷம். பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்றுக்கு நூறு ரூபாய் வாங்கலாம் என்று சிலர் சொல்கிறார்களாமே, அது மட்டும் வேண்டாம். பணம் சீக்கிரம் சேரும்தான். ஆனால் வண்டி இழுத்தும் ஆள் சுமந்தும் ஓய்ந்துபோய்த்தானே அதுகள் உங்களிடம் வந்து சேர்ந்தன?

அந்தச் செவலைக் கிழட்டுக் குதிரையின் முதுகைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சேணம் உரசிப் புண்ணாகி ஆறின இடமெல்லாம் முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது. ஏன் வெள்ளை என்று கேட்பார்கள், சொல்லுங்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஆடுகிற குதிரையை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். வயசான குதிரை என்ன ஆகிறது என்று யார் காட்டினோம்?

350 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளைக்குச் சுமார் 7 கிலோ காய்ந்த தீவனம் வேண்டும். கொழுக்கட்டைப் புல்லை அந்த எடைக்கு ஒரு கட்டாகக் கட்டி வாசலில் வையுங்கள், பிள்ளைகள் தூக்கிப் பார்க்கட்டும். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர், அதுவும் ஒரு நாளைக்குத்தான். கட்டு என்ன விலை என்று பலகையில் எழுதிவிட்டால் அப்பா அம்மாக்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். "பத்து நாள் புல்லு நம்ம செலவு" என்று சொல்லிக் கொடுக்கிற பணம் மனசாரக் கொடுப்பது.

குளம்பு சீவுகிறவரை அன்றைக்கே வரச் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை எப்படியும் சீவித்தானே ஆகவேண்டும். முன்னங்காலைத் தூக்கித் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அவர் சீவச் சீவ, துண்டு துண்டாக விழும். வலிக்காதா என்று பதறுகிற பிள்ளையிடம், நம் நகம் போலத்தான் என்று அவரே சொல்லட்டும்.

தீனி விஷயத்தில் கறாராக இருங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, ஒவ்வாதது உள்ளே போனால் வயிற்றுவலியிலேயே உயிர் போகலாம். பன், மிச்சச் சோறு எதையும் உள்ளே விடக்கூடாது. கேரட்டை நீளவாக்கில் கீறி நாமே கொடுப்போம். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். உள்ளங்கையை நன்றாக விரித்து நீட்டச் சொல்லணும். யாரும் பின்பக்கம் போகாதபடி கயிறு கட்டிவிடலாம். ஸ்பீக்கர், பலூன், பட்டாசு மூன்றும் கூடவே கூடாது.

சாப்பாட்டை எங்களிடம் விட்டுவிடுங்கள். கம்மங்கூழ், சுண்டல், ஒப்பிட்டு போட்டு விற்கிறோம், விற்ற காசு முழுக்க உங்களுக்கு. அப்புறம், நன்கொடைக்கு வருமானவரிச் சலுகை ரசீது கொடுப்பதாக இருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது என்று உண்டியல் பக்கத்திலேயே எழுதி, க்யூஆர் கோடையும் ஒட்டிவிடுங்கள்.

தேதி முடிவானதும் சொல்லுங்கக்கா. காங்கயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் வைத்திருக்கிற சொந்தக்காரர்களிடம் புல்லுக்கு நான் பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி