விதை மசோதாவில் விவசாயிக்கான இழப்பீடு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மன்னார்குடி வட்டத்தில் நெல் சாகுபடி செய்கிறேன். சொந்தமாக 2 ஏக்கர், குத்தகைக்கு ஒன்றரை ஏக்கர். வீட்டுக்காரர் தவறி ஒன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து விதை வாங்குவது முதல் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போடுவது வரை எல்லாம் என் பொறுப்புதான். நாடாளுமன்றத்துக்கு வரவிருக்கும் விதை மசோதா பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டென்றால், போன குறுவையில் நான் பட்ட பாடுதான் அந்தத் தகுதி.

2025 ஜூன் 12-இல் மேட்டூர் திறந்த செய்தி வந்ததுமே, பக்கத்து ஊர் கடையில் ஏ.எஸ்.டி 16 என்ற குறுகிய கால நெல் ரகத்தின் விதை 4 மூட்டை வாங்கினேன். 30 கிலோ மூட்டை 1,250 ரூபாய். உரத்தோடு சேர்த்துக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் விதையும் உரமும் அப்படித்தான் வாங்குவோம், அறுவடை முடிந்து பணம் கட்டுவோம். பில் கேட்டு வாங்கும் வழக்கம் எனக்கு இல்லை. நாற்று நன்றாக வந்தது, நடவும் குறை இல்லாமல் முடிந்தது.

புரட்டாசி பிறந்த சமயம் வரப்பில் நின்று பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பெரும்பாலான பயிர் கதிர் விட்டுப் பால் பிடித்து நிற்கிறது. நடுநடுவே ஒரு முழம் உயரமாக, பச்சைப் பசேல் என்று, தொண்டைக்கதிர் கூட வராமல் வேறொரு பயிர். ஓரிரண்டு கலவன், அதாவது வேற்று ரகச் செடி, எந்த வயலிலும் இருக்கும். பிடுங்கிப் போட்டுவிடுவோம். இது அப்படி இல்லை, மூன்று குத்துக்கு ஒரு குத்து இருந்தது. நூற்றுப்பத்து நாள் நெல்லோடு நூற்றுமுப்பது நாளுக்கு மேற்பட்ட ஏதோ ஒரு ரகம் கலந்து வந்திருக்கிறது.

முற்றியதை அறுத்தால் பச்சை வீணாகும். பச்சைக்காகக் காத்திருந்தால் முற்றியது சாயும். பத்து நாள் காத்திருந்தேன். பக்கத்து வயல்காரர்கள் எல்லாம் அறுத்து முடித்துவிட்டார்கள். அக்டோபர் 16-இல் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. தீபாவளிக்குப் பிறகு, சாய்ந்து கிடந்த பயிரில் மிஷினை விட்டு அறுத்தேன். 60 கிலோ கணக்கில் 105 மூட்டை வரவேண்டிய நிலத்தில் 60 மூட்டைதான் கண்டது. அந்த நெல்லையும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குக் கொண்டுவரக் களத்தில் கொட்டிக் கிளறி, மழை வரும்போதெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி, நான் பட்ட அலைச்சலைக் கணக்கில் எழுத முடியாது. நஷ்டம் 45 மூட்டை, அதாவது 2,700 கிலோ. குவிண்டால் 2,500 ரூபாய் என்று போட்டால் 67,500 ரூபாய். குத்தகை நெல்லை மட்டும் குறையாமல் அளந்து கொடுத்தேன்.

கடைக்காரரிடம் போனேன். முதலில் தண்ணீர் கட்டினதில் கோளாறு என்றார், அப்புறம் பருவநிலை என்றார். கடைசியில் விதைக்காசு 5,000 ரூபாயை உரக்கணக்கில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். நான் இழந்தது பயிரை. அவர் திருப்பித் தருவதாகச் சொன்னது விதையின் விலையை.

வயலுக்கு வந்து பார்த்த வேளாண் அலுவலர் நல்ல மனிதர். "கலப்புதான் அம்மா, சந்தேகமே இல்லை" என்றார். ஆனால் மூட்டையில் தைத்திருந்த சீட்டு வேண்டும், அந்த விதை எந்தத் தொகுப்பில் வந்தது என்று காட்டும் குவியல் எண் வேண்டும், பில் வேண்டும் என்றார். நெல் விவசாயம் செய்பவர்களுக்குத் தெரியும், விதை மூட்டையை அப்படியே குளத்தில் ஊறப்போட்டு, மறுநாள் எடுத்து வைக்கோல் போட்டு மூடி முளைகட்டுவோம். மூன்றாம் நாள் அந்தச் சீட்டு கூழாகிவிடும். சாக்கு வாய்மடையை அடைக்கப் போய்விடும். விதை பொய்த்தது தெரிய வருவதோ தொண்ணூறு நாள் கழித்து. முற்றிய கதிரில் ஒரு கைப்பிடி, பச்சைக் கதிரில் ஒரு கைப்பிடி அறுத்துக் கட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டி வைத்தேன்.

இந்த நிலையில்தான் மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் புதிய விதை மசோதாவின் வரைவை வெளியிட்டது. ஆங்கிலத்தில் இருந்ததை வேளாண்மை படிக்கும் என் மகள் இரண்டு ராத்திரி உட்கார்ந்து எனக்குப் படித்துச் சொன்னாள். கருத்துச் சொல்ல டிசம்பர் 11 வரை நேரம் கொடுத்திருந்தார்கள். டிட்வா புயல் மழையில் சம்பா வயல்களில் தண்ணீர் நின்ற நாட்கள் அவை. எங்கள் தெருவில் யாரும் டெல்லிக்குக் கருத்து எழுதும் நிலையில் இல்லை. அதனால்தான் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

1966-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதில் முதல் குற்றத்துக்கு 500 ரூபாய் வரைதான் அபராதம். என் ஒரு மூட்டை விதையின் விலையில் பாதி கூட இல்லை. அதை மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. புதிய வரைவில் போலி விதை விற்பது போன்ற பெரிய குற்றங்களுக்கு 30 லட்சம் ரூபாய் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது. மூட்டைக்கு மூட்டை க்யூஆர் கோடு ஒட்டி, விதை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவும் வழி செய்கிறார்கள். நல்லதுதான். விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பிராண்டு பெயர் போடாமல் விற்கலாம் என்பதையும் விட்டுவைத்திருக்கிறார்கள். அது எங்களுக்கு முக்கியம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதை வாங்கினால் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நானும் வாங்கித் திருப்பிக் கொடுத்தவள். அங்கே பில்லும் இல்லை சீட்டும் இல்லை. ஆனால் கொடுத்தவர் முகம் தெரியும்.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். அந்த 30 லட்சம் யாருக்குப் போகும்? அரசுக்கு. விதை பொய்த்த விவசாயிக்கு இத்தனை நாளுக்குள் இவ்வளவு இழப்பீடு என்று சொல்லும் பிரிவு அந்த வரைவில் எங்கே? மகளைத் திரும்பத் திரும்பத் தேடச் சொன்னேன். இல்லை.

2004-இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த விதை மசோதாவில் கூட, விதை சொன்னபடி விளையாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இழப்பீடு கேட்கலாம் என்று எழுதியிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போய், 2006-இல் அறிக்கையும் வந்து, கடைசிவரை அது சட்டமாகவில்லை. 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு ஒரு பிரிவு உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தில் பதிவான ரகத்துக்கு மட்டும், அதுவும் டெல்லியில் உள்ள ஆணையத்திடம் கேட்க வேண்டும். நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. என் சித்தப்பா மகன் உளுந்து விதைக்காக அந்த வழியில் போனவர். மூன்றாவது வருடமாக வாய்தாவுக்கு அலைகிறார். அதற்குள் அந்த வயலில் ஆறு போகம் அறுத்தாயிற்று. சாட்சி சொல்ல வேண்டிய பயிர் எங்கே இருக்கும்?

ஆகவே மசோதாவிலேயே எழுத வேண்டும். புகார் கொடுத்த ஏழு நாளுக்குள், பயிர் வயலில் நிற்கும்போதே விதை ஆய்வாளரும் வேளாண் விஞ்ஞானி ஒருவரும் வந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதமே ஆதாரம் என்று சட்டம் ஏற்க வேண்டும். சீட்டைக் கொண்டுவா என்று விவசாயியிடம் கேட்பதை விட வேண்டும். க்யூஆர் கோடு வைக்கிறார்களே, விற்கும்போதே கடையில் அதை ஸ்கேன் செய்து வாங்குபவர் பெயரையும் போன் நம்பரையும் ஏற்றிவிட்டால் போதும், சீட்டு குளத்தில் கரைந்தால் கரையட்டும். பட்டா யார் பெயரில் இருந்தாலும் பயிர் வைத்தவருக்கே பணம் போக வேண்டும். இல்லாவிட்டால் என் ஒன்றரை ஏக்கர் மாதிரியான குத்தகை நிலத்துக்கு ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு குவியலிலும் முத்திரையிட்ட மாதிரி ஒன்றை அறுவடை முடியும்வரை கடையில் வைத்திருக்கச் சொன்னால் தகராறே பாதி குறையும். இழப்பீட்டை விதை விலையில் கணக்கிடாமல் இழந்த விளைச்சலில் கணக்கிட வேண்டும். அடுத்த நாற்றங்காலுக்கு முன்னால் அது கைக்கு வர வேண்டும். குறுவையில் போனதைக் கடன் வாங்கித்தான் சம்பாவுக்கு ஈடுகட்டினேன். அந்த வட்டி இன்னும் ஓடுகிறது.

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர் போயிருக்கிறார்கள். கட்சி பார்க்காமல் இந்த ஒரு திருத்தத்தை அவர்கள் சேர்ந்து கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவசரமாக நிறைவேற்றாமல் 2004 மசோதாவைப் போல இதையும் நிலைக்குழுவுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். அந்தக் குழு டெல்டாவுக்கும் வந்து எங்களைக் கேட்கட்டும். அலுவலர் கட்டி வைக்கச் சொன்ன அந்த இரண்டு கதிர்க்கட்டும் என் வீட்டு உத்தரத்தில்தான் தொங்குகின்றன. குழு வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெண் விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.