பின்வளவு ஷெட்டுக்குத் தெளிவான பதில் வேண்டும்: ரொறன்ரோ மாநகரசபைக்கு ஒரு திறந்த மடல்

மாநகரசபை உறுப்பினர்களுக்கு, முக்கியமாக ஸ்காபரோவின் பிரதிநிதிகளுக்கு, வணக்கம்.

2022 ஜூலை 1 முதல் ஒன்ராறியோவில் 15 சதுர மீற்றர் வரையான ஷெட்டுக்கு, அதாவது சாமான் வைக்கும் கொட்டிலுக்கு, கட்டட பெர்மிட் தேவையில்லை. முன்பு 10 சதுர மீற்றர்தான் எல்லை. வீட்டோடு ஒட்டாத ஒரு தளக் கட்டடமாக, தண்ணீர்க் குழாய் இல்லாமல், சாமான் வைக்க மட்டும் இருந்தால் போதும். ஸ்னோ புளோயரையும் கோடை ரயர்களையும் பாவற்பந்தல் கம்புகளையும் எங்கே வைப்பதென்று முழிக்கும் குடும்பங்களுக்கு நல்ல மாற்றம்தான்.

ஆனால் எங்கள் தமிழ்ச் சனத்துக்குப் பாதிச் செய்திதான் வந்து சேர்ந்திருக்கிறது. "பெர்மிட் வேண்டாமாம்" என்று கேள்விப்பட்டு ஷெட்டை வாங்கி வேலியோரம் நிறுத்திவிடுகிறார்கள். பெர்மிட் வேண்டாம் என்றாலும், காணியில் எதை எங்கே கட்டலாம் என்று சொல்லும் சோனிங் சட்டம் விலகுவதில்லை. வேலியிலிருந்து எவ்வளவு தள்ள வேண்டும், எவ்வளவு உயரலாம், காணியில் எவ்வளவு பங்கை மூடலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதுவும் எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. 2013இல் நகரம் முழுவதுக்குமாக வந்த 569-2013 சோனிங் சட்டத்துக்குள் அடங்காத காணிகளில் ஸ்காபரோ தனி நகரமாக இருந்த காலத்து விதிகள் இன்னும் நடக்கின்றன. பள்ளத்தாக்கை ஒட்டிய வளவுக்கு வேறு அனுமதி. 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ தடிப்புள்ள மரத்தின் வேரருகே தோண்டுவதற்கும் அனுமதி. நாள் முழுக்க வேலைக்குப் போய்வரும் ஒருவர் இதை எப்படித் தேடிப் பிடிப்பார்?

பிழையென்று தெரியவருவது பெரும்பாலும் அயலவர் முறைப்பாடு செய்த பிறகுதான். அப்போது ஷெட்டை அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் சோனிங் விதியிலிருந்து சிறு விதிவிலக்குக் கேட்டு நகரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணமே ஆயிரம் டொலரைத் தாண்டும். 60 மீற்றருக்குள் இருக்கும் காணிக்காரருக்கு அறிவித்தல் போகும், பிறகு பகிரங்க விசாரணை. ஒரு ஷெட்டுக்கு இவ்வளவும் நியாயமில்லை. 2022இல் பின்வளவில் குடியிருக்கும் வீட்டுக்கே வழிவிட்ட சபை நீங்கள்.

விதியைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. மழைத் தண்ணீர் பக்கத்து வளவுக்குள் வடியாமலிருக்க வேலிக்கும் ஷெட்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும்தான். விலாசத்தைக் கொடுத்தால் அந்தக் காணிக்குரிய தூரத்தையும் உயரத்தையும் தமிழிலும் சொல்லும் ஒரு பக்கத்தை உங்கள் இணையத்தளத்தில் போடுங்கள். ஷெட்டுக்கு மட்டும் விதிவிலக்குக் கட்டணத்தைக் குறையுங்கள். முதல் முறைப்பாட்டிலேயே அகற்றச் சொல்லாமல், நகர்த்தி வைக்க ஒரு கோடைகாலம் தவணை கொடுங்கள். பனி உறைந்த நிலத்தில் ஷெட்டைக் கிளப்ப முடியாது.

அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் இதைச் சபையில் எடுப்பீர்களா என்று எழுத்தில் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் வீட்டுவரி கட்டும் ஒருவர்